ஹாலைன்: உப்பு பாதுகாத்த மனிதர்கள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்று மாலை நல்ல மழை. வர முடியாமல் போனவர்கள் பலர் கேட்டதால் பேசியதை மடலுக்காக எழுதித் தருகிறேன். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறேன். திரையில் படம் காட்டிய இடங்களில் மட்டும் ஓரிரு வரி கூடுதலாக வரும்.

நம் குடியிருப்பில் பிள்ளைகள் ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ வேலை பார்க்கும் வீடுகளை எண்ணத் தொடங்கினால் ஒரு கை விரல் போதாது. கோடை வந்தால் பெற்றோர் கிளம்பிவிடுகிறார்கள். திரும்பி வந்ததும் காலை நடையின்போது கைபேசியில் படம் காட்டுகிறார்கள். சால்ஸ்பர்க்கில் மொஸார்ட் பிறந்த வீடு, மலைமேல் கோட்டை, 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படம் எடுத்த தோட்டம். அடுத்து ஹால்ஸ்டாட் ஏரிக்கரையில் நின்று ஒரு படம். "ஹாலைன் போனீர்களா?" என்று கேட்டால், "அது எங்கே இருக்கிறது?" என்கிறார்கள். சால்ஸ்பர்க்கிலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. அந்தச் சின்ன ஊரில் ஆற்றங்கரையோரம் ஒரு பழைய கட்டடத்தில் கெல்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. அரை நாள் ஒதுக்கினால் போதும். அங்கே போனால் எதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். உப்பு என்றதும் நமக்குத் தூத்துக்குடியோ மரக்காணமோதான் நினைவுக்கு வரும். பாத்தி, வெயில், வெள்ளைக் குவியல். ஆஸ்திரியாவுக்குக் கடற்கரையே கிடையாது. அங்கே உப்பு மலைக்குள் இருக்கிறது. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியில் இருந்த கடல் வற்றி உப்பும் களிமண்ணும் ஜிப்சமும் படிந்தன. பிற்பாடு ஆல்ப்ஸ் மலைகள் எழுந்தபோது அந்தப் படிவங்களும் மடிந்து நசுங்கி மேலே வந்துவிட்டன. அதனால் அங்கே வெட்டியெடுப்பது பளிங்கு போன்ற சுத்தமான உப்பு அல்ல. சிவப்பும் சாம்பலுமாகக் களிமண் கலந்த கட்டி. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த வட்டாரத்தில் ஊர்ப் பெயர்களே கதை சொல்லும். சால்ஸ்பர்க் என்றால் உப்புக் கோட்டை. அங்கே ஓடும் சால்ஸாக் ஆற்றின் பெயரிலும் உப்பு இருக்கிறது. ஹாலைன், ஹால்ஸ்டாட், எல்லைக்கு அப்பால் பாட் ராய்ஷென்ஹால் என்று 'ஹால்' சேர்ந்து வருகிற இந்த ஊர்களெல்லாம் உப்பு எடுத்த ஊர்கள்.

ஹாலைனுக்கு மேலே இருக்கிற மலைக்கு டியூர்ன்பெர்க் என்று பெயர். கி.மு. 600 வாக்கில் கெல்ட்டியர் என்று நாம் இன்று அழைக்கும் மக்கள் அங்கே உப்பு வெட்டத் தொடங்கினார்கள். கிழக்கே மலைகளுக்கு அப்பால் ஹால்ஸ்டாட்டில் அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சுரங்கம் இருந்தது. அங்கே சுரங்கத்துக்குள் கண்டெடுத்த ஒரு மரப் படிக்கட்டு கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் வெட்டிய மரத்தால் ஆனது. ஹால்ஸ்டாட் பேர் பெற்றதற்குக் காரணம் யோஹான் கியோர்க் ராம்சவுவர் என்ற சுரங்க அதிகாரி. 1846 முதல் 1863 வரை அவர் அங்கே ஒரு பழைய இடுகாட்டைத் தோண்டி ஏறக்குறைய ஆயிரம் கல்லறைகளைப் பதிவு செய்தார். ஐரோப்பாவின் இரும்புக் காலத்தின் முற்பகுதிக்கே 'ஹால்ஸ்டாட் பண்பாடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் புகழில் ஹாலைன் மறைந்துபோனது. கூட்டம் இல்லாமல் நிதானமாகப் பார்க்க முடிகிறது என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை.

இனி சுரங்கத்துக்குள் போவோம்.

கெல்ட்டியத் தொழிலாளி இரும்புக் கூர் பொருத்திய, மரக் கைப்பிடி உள்ள குத்துக்கோடரியால் உப்பை வெட்டினார். வெளிச்சத்துக்கு எண்ணெய் விளக்கு கிடையாது. ஊசியிலை மரத்தை ஒல்லியான சிம்புகளாகப் பிளந்து, கட்டாகச் சேர்த்துக் கொளுத்திக்கொள்வார்கள். எரிந்து தீர்ந்த சிம்பு தரையில் விழும். உடைந்த கைப்பிடி விழும். கிழிந்த துணி, அறுந்த தோல் வார், சாப்பிட்டு மிஞ்சியது எல்லாம் விழும். யாரும் பெருக்கி வெளியே கொண்டுபோகவில்லை. உப்புப் பாறைக்கு ஒரு குணம் உண்டு. கருங்கல்லைப் போல அது அசையாமல் நிற்காது. மேலே இருக்கும் மலையின் எடையில் மெல்ல மெல்லப் பிதுங்கி, வெட்டிய இடத்தைத் தானே அடைத்துக்கொள்ளும். அப்படி அடைபட்ட குப்பைதான் இன்று தொல்லியலாளர்களுக்குப் புதையல். உப்பில் புழுவும் பூஞ்சையும் வாழ முடியாது. மரம் மரமாகவே இருக்கிறது. துணியில் சாயம்கூடத் தெரிகிறது.

பின்னாளில் அங்கே வேலை செய்த கிறிஸ்தவத் தொழிலாளர்கள் இப்படிக் கரிச்சிம்பும் மரத்துண்டும் பதிந்த உப்புப் பாறையைப் பார்த்து அதற்கு 'அஞ்ஞானிகளின் மலை' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்தார்கள். தமக்கு முன்னால், கிறிஸ்து பிறப்பதற்கும் முன்னால், இங்கே யாரோ வேலை செய்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டார்கள். வெறும் குப்பையோடு அது நிற்கவில்லை. 1570-களில் ஒரு முறை, 1616-இல் ஒரு முறை, டியூர்ன்பெர்க் சுரங்கத்தில் முழு மனித உடல்களே வெளிப்பட்டன. சதை, முடி, தாடி, உடுப்பு எல்லாம் கெடாமல் இருந்தன. 1666-இல் வெளிவந்த சால்ஸ்பர்க் வரலாற்று நூல் ஒன்று முதல் உடலைப் பற்றிச் சொல்கிறது: சற்றே மஞ்சளாக, விறைப்பாக, காயவைத்த மீனைப் போல இருந்ததாம். நம் கணக்கில் கருவாடு. சில வாரங்கள் தேவாலயத்தின் முன்னால் கிடத்தி ஊரார் பார்க்க விட்டார்கள். வெளிக்காற்று பட்டதும் உடல் அழுகத் தொடங்கியது. புதைத்துவிட்டார்கள். 1734-இல் ஹால்ஸ்டாட்டிலும் ஓர் உடல் கிடைத்தது. அதையும் புதைத்துவிட்டார்கள். மலை அத்தனை நூற்றாண்டுகள் காத்து வைத்த மூன்று பேர், வெளியே வந்ததும் மண்ணுக்குப் போய்விட்டார்கள்.

அந்த ஊரார்மேல் எனக்குக் கோபமில்லை. செத்தவரைப் பார்த்தால் மரியாதையாக அடக்கம் செய்வதுதான் எந்த ஊரிலும் வழக்கம். ஆனால் இழப்பு இழப்புதான். ஈரானில் செஹ்ராபாத் என்ற இடத்து உப்புச் சுரங்கத்தில் 1993-க்குப் பிறகு இதே போன்ற உடல்கள் கிடைத்தபோது அறிவியலாளர்கள் தயாராக இருந்தார்கள். ஒரு மனிதரின் கடைசி நாள் சாப்பாடு வரை ஆராய முடிகிறது. டியூர்ன்பெர்க் மனிதர்களைப் பற்றி நமக்கு இருப்பது பழைய நூலில் சில வரிகள்.

உடல்கள் போனாலும் அவர்கள் விட்டுச்சென்ற வேறொன்று ஏராளமாகக் கிடைத்திருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் மன்னிக்க வேண்டும், மலத்தைச் சொல்கிறேன். சுரங்கத்துக்குள்ளேயே ஒதுங்கியிருக்கிறார்கள், உப்பு அதையும் பத்திரப்படுத்திவிட்டது. ஆராய்ந்து பார்த்ததில் வாற்கோதுமை, பனிவரகு போன்ற சிறுதானியம், அவரை வகைகள் தெரிகின்றன. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைத்த ஒரு கூழ். இன்றும் ஆஸ்திரிய மலைக் கிராமங்களில் வாற்கோதுமையும் அவரையும் சேர்த்து அப்படியொன்று சமைக்கிறார்கள். 2021-இல் வெளியான ஓர் ஆய்வு ஹால்ஸ்டாட் மாதிரிகளில் நீலப் பாலாடைக்கட்டிக்கு உரிய பூஞ்சையையும் பியருக்கு உரிய ஈஸ்ட்டையும் கண்டுபிடித்தது. சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முன்! பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. டியூர்ன்பெர்க் மாதிரிகளில் குடற்புழுக்களின் முட்டைகள் நிறையக் கிடைத்தன. அதை யாரும் தலைப்புச் செய்தி ஆக்கவில்லை. பியரும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்ட அதே தொழிலாளிக்கு வயிற்றுவலியும் தீராமல் இருந்திருக்கும்.

2023-இல் போகும் நகரத்து ஜெர்மன் சுரங்க அருங்காட்சியக ஆய்வாளர்கள் டியூர்ன்பெர்க்கில் ஒரு தோல் காலணியைக் கண்டெடுத்தார்கள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கட்டுவதற்கான நாடாகூட மிஞ்சியிருக்கிறது. ஆளி நாரில் செய்தது. அளவு, இன்றைய ஐரோப்பியக் கணக்கில் 30. அன்று கூட்டத்தில் இந்த எண்ணைச் சொன்னதும் முன் வரிசையில் இருந்த அம்மாக்கள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக் காலணி வாங்குகிறவர்களுக்கு அது எந்த வயது என்று உடனே தெரியும். ஏழெட்டு வயதுக் குழந்தையின் கால். அந்தக் காலணிக்குப் பக்கத்தில் ஒரு மர மண்வெட்டியின் பாதி கிடந்தது.

சிறுவர்கள் சுரங்கத்துக்குள் இருந்தார்கள் என்பதற்கு இது ஒன்று மட்டும் சான்றல்ல. இதற்கு முன்பும் சிறிய காலணிகள் அங்கே கிடைத்திருக்கின்றன. ஹால்ஸ்டாட் இடுகாட்டில் புதைத்த பிள்ளைகளின் எலும்புகளிலேயே சுமை தூக்கித் தேய்ந்த அடையாளங்கள் தெரிகின்றன. பெண்களின் எலும்புகளில் ஒரு பக்கத் தோளில் பாரம் சுமந்ததன் தடம். ஆண்களின் எலும்புகளில் கோடரி ஓங்கியதன் தடம். குடும்பமாகவே வேலை பார்த்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால் கண்ணைக் கவர்வது வேறு பொருட்கள். டியூர்ன்பெர்க்கில் நூற்றுக்கணக்கான கல்லறைகளைத் திறந்திருக்கிறார்கள். அவற்றில் வாள், ஈட்டி, வெண்கல ஊசி, கண்ணாடி வளையல், பால்டிக் கடற்கரையிலிருந்து வந்த ஆம்பர் மணி எல்லாம் கிடைத்தன. மெல்லிய தங்கத் தகட்டில் செய்த ஒரு சின்னப் படகு இருக்கிறது. விரல் நீளம்தான், துடுப்புகளோடு. உப்பு ஆற்றில் இறங்கிப் போன காலத்தில் படகு எவ்வளவு முக்கியம் என்று அதைப் பார்த்தால் விளங்கும்.

எல்லாவற்றிலும் பேர் பெற்றது 1932-இல் கண்டெடுத்த வெண்கலக் குடுவை. மூக்கு நீண்ட, ஏறக்குறைய ஒன்றரை அடி உயரக் குடுவை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது அதற்குச் சற்றுப் பின். இத்தாலியில் எட்ரூஸ்கர் என்ற மக்கள் மது ஊற்றுவதற்குச் செய்த குடுவையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு கெல்ட்டியக் கம்மாளர் தம் கற்பனையில் வளைத்திருக்கிறார். கைப்பிடியே ஒரு விலங்கு. அதன் வாயருகே ஒரு மனிதத் தலை. விளிம்பில் இன்னும் இரண்டு விலங்குகள். விலங்கு அந்த மனிதனை விழுங்குகிறதா, உமிழ்கிறதா என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். உங்களுக்கு எது தோன்றுகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். வேலைப்பாடு அபாரம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் இந்தக் குடுவை ஒரு செல்வரின் கல்லறையில், அவருடைய பெருமை தெரியட்டும் என்று வைத்தது. குழந்தையின் காலணி யாரும் பார்ப்பதற்காக வைத்தது அல்ல, சுரங்கத்தில் தொலைந்தது. குடுவைக்கு வேண்டிய பணம் அந்தக் காலணி நடந்த வழியில்தான் வெளியே வந்தது. நீங்கள் போகும்போது குடுவை முன்னால் ஐந்து நிமிடம் நின்றால், சுரங்கக் குப்பை வைத்திருக்கிற கண்ணாடிப் பேழைகள் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கி.மு. 15 வாக்கில் அந்தப் பகுதி ரோமப் பேரரசின் கைக்குள் போனது. கடல் உப்பு வரத் தொடங்கியது, டியூர்ன்பெர்க் சுரங்கம் படிப்படியாக ஓய்ந்தது. மறுபடி அது பெரிய தொழிலாக எழுந்தது 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில். இந்த முறை கோடரி இல்லை, தண்ணீர். களிமண் கலந்த கட்டி என்று சொன்னேனே, அதிலிருந்து நல்ல உப்பைப் பிரிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. மலைக்குள் அறை குடைந்து நன்னீரை நிரப்புவார்கள். உப்பு கரையும், களிமண் அடியில் படியும். தண்ணீர் நூற்றுக்கு 26 பங்கு அளவுக்கு உப்பை ஏற்றுக்கொண்டதும் அதற்குமேல் கரையாது. அந்த உப்புநீரை, குடைந்த மரக்குழாய்கள் வழியாக மலையடிவாரத்துக்கு இறக்கி, பிரம்மாண்டமான இரும்புத் தட்டுகளில் காய்ச்சுவார்கள். இராப்பகலாக அடுப்பு எரியும். அதற்கு விறகு வேண்டும். மேல்காடுகளில் வெட்டிய மரங்களை சால்ஸாக் ஆற்றில் மிதக்கவிட்டு ஹாலைனில் பெரிய மரத்தடுப்பு கட்டிப் பிடித்தார்கள். உப்பைவிட விறகுதான் பெரும் தலைவலி. ஒரு மலையின் உப்புக்காகப் பல மலைகளின் காடுகள் போயின.

சால்ஸ்பர்க்கை ஆண்டவர்கள் பேராயர்கள். அவர்களே மன்னர்களும். கத்தோலிக்க அரசு. மொஸார்ட் ஊரின் அந்த அழகான சதுக்கங்களுக்கும் மாளிகைகளுக்கும் உப்புப் பணம் பெரும் பங்கு. வோல்ஃப் டீட்ரிஷ் என்ற பேராயர் நகரத்தையே இடித்துப் புதிதாகக் கட்டத் தொடங்கியவர். அவரே உப்பு வியாபாரத் தகராறில் 1611-இல் பக்கத்துப் பெர்க்டெஸ்காடனைப் பிடித்தார். பவேரியாவின் படை திரும்பி வந்தது. தப்பி ஓடியவரைப் பிடித்து, பதவியைப் பறித்து, தன் நகரத்துக் கோட்டையிலேயே அடைத்து வைத்தார்கள். 1617-இல் அங்கேயே இறந்தார். நம்மவர்கள் கட்டணம் கொடுத்து ஏறிப் பார்க்கும் அதே கோட்டைதான்.

அருங்காட்சியகம் இருக்கும் கட்டடம் அந்தப் பேராயர்களின் உப்பு நிர்வாக அலுவலகம், 17-ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1882-இல் தொடங்கிய ஊர் அருங்காட்சியகம்தான் பின்னர் இன்றைய கெல்ட் அருங்காட்சியகமாக வளர்ந்தது. உள்ளே மூன்று அறைகள் பேராயர் வந்தால் தங்குவதற்கென்று அலங்கரித்தவை. சுவர் முழுக்க எழுபதுக்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்கள். பெனடிக்ட் வெர்க்ஷ்டேட்டர் என்ற ஓவியர் 1757, 1758 ஆண்டுகளில் வரைந்தவை. சுரங்கம் வெட்டுவது, உப்புநீர் இறக்குவது, காய்ச்சுவது, பீப்பாய் செய்வது, படகில் ஏற்றுவது, மரம் பிடிப்பது என்று வேலை முழுவதும் படிப்படியாக இருக்கிறது. தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்குப் பொழுது போவதே தெரியாது. பொறியாளர்களாக இருந்து ஓய்வு பெற்ற நண்பர்கள் இரண்டு மணி நேரமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படங்களில் எல்லோரும் சுத்தமாக, ஒழுங்காக, சொன்ன வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவற்றில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

டியூர்ன்பெர்க் தொழிலாளர்களில் பலர் இரகசியமாகப் புராட்டஸ்டண்ட் மதத்தைப் பின்பற்றினார்கள். வீட்டில் ஒளித்து வைத்த புத்தகங்களைப் படித்தார்கள். 1686-இல் யோசஃப் ஷைட்பெர்கர் என்ற சுரங்கத் தொழிலாளியையும் அவரைச் சேர்ந்தவர்களையும் நாட்டைவிட்டுத் துரத்தினார்கள். பிள்ளைகளைக் கூட அழைத்துப்போக விடவில்லை. கத்தோலிக்கராக வளர்ப்பதற்காகப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவர் நியூரன்பெர்க்கில் கூலி வேலை செய்து பிழைத்தார். அங்கிருந்து ஊராருக்கு எழுதிய கடிதங்கள் அச்சாகி, இரகசியமாகத் திரும்ப மலைக்கே வந்து கைமாறின. 1731 அக்டோபர் 31 தேதியிட்ட ஆணையில் பேராயர் ஃபிர்மியன் புராட்டஸ்டண்டுகள் அனைவரும் வெளியேற வேண்டும் என்றார். நிலபுலன் இல்லாதவர்களுக்குக் கெடு எட்டு நாள். ஆல்ப்ஸ் மலையில் குளிர்காலம் தொடங்கும் நேரம். மொத்தம் சுமார் 20,000 பேர் போனார்கள். பெரும்பாலோர் பிரஷ்யாவின் கிழக்கு மூலைக்கு. டியூர்ன்பெர்க் சுரங்கக் குடும்பங்களிலிருந்து எழுநூறுக்கும் மேற்பட்டோர் 1732 இறுதியில் புறப்பட்டு நெதர்லாந்தின் கடலோரத் தாழ்நிலத்துக்குப் போனார்கள். தலைமுறை தலைமுறையாக மலைக்குள் உப்பு எடுத்தவர்களுக்கு அங்கே விவசாயக் கூலி வேலை. நோய் வந்தது. பலர் அங்கே தங்க முடியாமல் மறுபடி இடம் தேடிக் கிளம்பினார்கள்.

பேராயரின் அறைக்கு அந்த ஓவியங்களை மாட்டியது இதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து.

இங்கே ஒரு சின்ன கிளைக் கதை. துரத்தப்பட்ட சால்ஸ்பர்க்காரர்களில் ஒரு பகுதியினர் 1734-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குப் போனார்கள். அவர்களுக்குப் போதகர்களை அனுப்பியது ஜெர்மனியின் ஹால்லே நகரத்துப் பக்தி இயக்க நிறுவனம். நம் தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்திறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட சீகன்பால்கு அதே ஹால்லேயில் படித்தவர். ஹால்லேயும் உப்பு ஊர், பெயரைப் பார்த்தாலே தெரிகிறதே. உலகம் அப்படித்தான் எங்கெங்கோ முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது.

உப்பால் சண்டை மட்டும்தானா என்று கேட்டால், ஓர் ஒப்பந்தமும் உண்டு. 1829-இல் ஆஸ்திரியாவும் பவேரியாவும் கையெழுத்திட்டது. டியூர்ன்பெர்க் சுரங்கம் மண்ணுக்கடியில் பவேரியாவின் எல்லையைத் தாண்டிப் போகலாம். பதிலுக்கு ஆஸ்திரிய மண்ணிலுள்ள சில காடுகள் பவேரியாவுக்கு. 1957-இல் திருத்தினார்கள். இன்றும் செல்லும். ஐரோப்பாவில் நடைமுறையில் இருக்கும் மிகப் பழைய ஒப்பந்தங்களில் ஒன்று என்கிறார்கள். சுரங்கத்தில் உப்பு எடுப்பதை 1989-இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது அது பார்வையாளர்களுக்கு மட்டும். உள்ளே நடக்கும்போது ஓரிடத்தில் எல்லைப் பலகை வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்குள் நடந்து போய்த் திரும்பி வரலாம், விசா கேட்க ஆள் இல்லை.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். சுரங்கம் மலைமேல், அருங்காட்சியகம் கீழே ஊருக்குள். இடையே பேருந்து உண்டு. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதென்றால் காலையில் அருங்காட்சியகம், பிற்பகலில் சுரங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கீழே பார்த்துவிட்டுப் போனால் மலைக்குள் பார்ப்பது புரியும். வெளியே ஜூலை வெயில் இருந்தாலும் உள்ளே குளிரும், ஒரு ஸ்வெட்டர் அவசியம். தொழிலாளர்கள் ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு இறங்கப் பயன்படுத்திய வழுவழுப்பான மரச் சறுக்குகளில் நம்மையும் உட்காரவைத்து இறக்கிவிடுவார்கள். பேரப்பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் பக்கத்துப் படியில் இறங்கலாம், சங்கடப்பட வேண்டாம். நானும் படியில்தான் இறங்கினேன். ஊருக்குள் தேவாலயத்துக்கு எதிரே 'சைலண்ட் நைட்' பாடலுக்கு இசையமைத்த ஃபிரான்ஸ் சேவர் குரூபர் வாழ்ந்த வீடும் இருக்கிறது. கிறிஸ்துமஸ் பாடல் பிடித்தவர்கள் அதையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம்.

அன்று உரை முடிந்ததும் இரண்டு கேள்விகள் வந்தன. ஒன்று, அந்த ஊர் உப்பு இப்போது கடையில் கிடைக்குமா என்பது. டியூர்ன்பெர்க் உப்பு கிடைக்காது. ஆனால் ஹால்ஸ்டாட்டிலும் அதன் அக்கம்பக்கச் சுரங்கங்களிலும் இன்றும் உப்புநீர் எடுக்கிறார்கள், ஆஸ்திரியக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். சமையலில் வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது கேள்வி மூன்றாம் வகுப்புப் படிக்கும் நம் குடியிருப்புப் பெண் ஒருத்தி கேட்டது. அந்தப் பிள்ளையின் இன்னொரு கால் ஷூ கிடைத்ததா என்றாள். இல்லை, ஒன்றுதான் கிடைத்தது என்றேன். அப்போ ஒரு காலில் போட்டுக்கொண்டா வீட்டுக்குப் போச்சு என்று கேட்டாள்.